அலுமாரிக்குள் பருத்த சட்டை

மாம்புரியில் ஃபஹ்மியாவின் அலுமாரியில் தொங்கிய சட்டை, அவளுடைய கணவன் ஹிஸ்புல்லா ஜித்தாவுக்கு வீட்டுச் சாரதியாகப் போன இரண்டாம் வருஷம் உடம்பு வைக்கத் தொடங்கியது. அதே வருஷம் சின்ன வெங்காயத்தின் விலை விழுந்ததால் ஊர் முதலில் இதைக் கவனிக்கவில்லை. நீலச் சட்டை, அவனுக்காக அவளே தைத்தது. பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி விட்டிருந்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்குத் தைக்கும் பள்ளிச் சீருடைக்கும் அப்படித்தான் விடுவாள், வளர்ந்தால் பிரித்துப் பெருப்பிக்கலாம். புருஷன்மாரும் வளர்வார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தையலைப் பிரித்து அரை விரல் இளக்கித் தைத்தாள். அன்று பின்னேரம் அவன் போனில், "என்னமோ தெரியல புள்ள, இண்டைக்கி மூச்சு லேசா வருது" என்றான். "அந்தக் கப்சா சோத்தக் குறைங்க" என்றாள் அவள்.

ஒருமுறை தையலுக்குள் ஒரு குண்டூசியை மறந்துவிட்டாள். ஜித்தாவில் அவன் பிரேக்கை மிதித்துக் கத்த, பின்னால் இருந்த எசமானியின் மடியில் கேக் கவிழ்ந்தது. அதன் பிறகு அவள் ஊசிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டாள். பிள்ளைகள் இல்லாத வீடு. சாப்பிடும்போது சட்டையை எதிர்க் கதிரையில் போட்டுக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் மெஷின் ஓடும். நிறுத்தினால் கடல் கேட்கும், அதனால் நிறுத்தமாட்டாள்.

ஐந்தாம் வருஷம் ஒரு வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அலுமாரியைத் திறந்தபோது சட்டை இல்லை. சட்டையின் துண்டுகள் இருந்தன. முன்பக்கம், முதுகு, கைகள், காலர் எல்லாம் மடித்து அடுக்கியிருந்தன. நூல் மூலையில் சுருண்டு கிடந்தது. ஹிஸ்புல்லாவுக்கு எடுத்துப் பார்த்தாள், போன் அடிக்கவில்லை.

கரையில் வள்ளங்களின் பலகை மூட்டுக்குப் பஞ்சு அடிக்கிற சாள்ஸ் அண்ணனிடம் துண்டுகளைக் கொண்டுபோனாள். அவர் நூலை விரலில் சுற்றிப் பார்த்தார். "இழுபட்டு அறுந்ததெண்டா துண்டு துண்டா இருக்கும் தங்கச்சி. இது ஒரே நூல். ஆறுதலா உருவி எடுத்த மாதிரி. அடிபடேல்ல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

பக்கத்து வீட்டு ஜுனைதா ராத்தா பார்த்ததுமே முகம் மலர்ந்தாள். "அல்ஹம்துலில்லாஹ், உம்ராவுக்குப் போயிருக்காரு புள்ள! இஹ்ராம் துணியில தையல் இருக்கப்படாதே!" பிறகு அவளுக்கு வேறொரு துணி நினைவு வந்தது. தேத்தண்ணி ஊற்றுவதாகச் சொல்லி எழும்பிப் போனவள் திரும்பி வரவில்லை. ஃபஹ்மியாவுக்கும் அதே துணி நினைவு வந்திருந்தது. எங்கள் ஆண்கள் தைக்காத துணியை உடுத்துவது இரண்டு பயணங்களுக்கு. ஒன்று மக்காவுக்கு, மற்றது கபுறுக் குழிக்கு. எந்தப் பயணம் என்று சொல்லும் அளவுக்குச் சட்டைக்கு விவரம் போதாது.

தைத்துவிடலாம் என்று ஊசியில் நூல் கோத்தாள். இஹ்ராமில் இருப்பவன் என்றால் தைத்து அவனுடைய உம்ராவைக் கெடுக்கக் கூடாது. கபன் துணிக்குள் இருப்பவன் என்றால் தைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆகவே தைக்காமல் உட்கார்ந்திருந்தாள். மெஷினும் ஓடவில்லை. கடல் நன்றாகக் கேட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரம் தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு வந்தது. "நாந்தான் புள்ள."

ஃபஹ்மியா கோத்த ஊசியைத் துண்டில் குத்தி வைத்தாள். "சொல்லிட்டுப் போனா வாய் தேஞ்சிருமா?" என்றாள்.

"எசமான் குடும்பத்தோட திடீரெண்டு உம்ராவுக்கு வெளிக்கிட்டாரு, நீயும் வா எண்டாரு. போன் ரூமிலயே விடுபட்டிச்சு. பிறகு வந்து பாத்தா செத்துக் கிடக்கு. இது ரூமில இருக்கிற பெங்காலிட போன். இப்ப பிரச்சின அதில்ல. குளிச்சிட்டுச் சட்டையப் போட்டா தோள் கழண்டு விழுது. மத்ததப் போட்டன், அதுவும். இஹ்ராம் துண்டோட குந்திட்டிருக்கன். நீ என்ன செஞ்சு வச்சிருக்க?"

"ஒண்டும் செய்யல" என்றாள். "நேத்துலேந்து ஒண்டுமே செய்யல." கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினில் ஏறினாள்.

போனைப் பக்கத்தில் வைத்துத் தோளை மூட்டினாள். "ஓம், பிடிக்குது" என்றான். காலரை வைத்தாள், பக்கங்களை அடித்தாள், வலக்கையைப் பொருத்தினாள். ஒவ்வொன்றுக்கும் அங்கிருந்து "ஓம்" வந்தது. இடக்கை மிச்சமிருந்தபோது அவன், "அவசரப்படாத" என்றான்.

"ஏன், இறுக்குதா?"

"இல்ல. நீ தைக்கக்குள்ள பக்கத்தில நிக்கிற மாதிரி ஈக்கி. முடிஞ்சா போயிருவ."

ஃபஹ்மியா மெஷினை மூடிவிட்டு இடக்கையைக் கையூசிக்கு எடுத்தாள். தினமும் மகரிப் தொழுகைக்குப் பிறகு இரண்டு மூன்று தையல், மிக நுணுக்கமாக, அதற்கு மேல் இல்லை. விசா மறுபடியும் நீண்டுவிட்டது. எந்தச் சட்டையைப் போட்டாலும் இடக்கை அரைவாசி கழன்று தொங்க, ஹிஸ்புல்லா ஜித்தாவில் கார் ஓட்டுகிறான். அங்கே ஜன்னல் பக்கம் வருவது அந்தக் கைதான், வெயிலில் கறுத்துவிட்டது. மற்றச் சாரதிகள் கேட்டால், "வீட்டில தச்சிட்டிருக்காங்க" என்கிறான்.