அரசப்பன் வெட்டிய வரப்பு

1
தஞ்சாவூரில் ஒரு மருத்துவர் பேச்சுவாக்கில் சொன்ன இரண்டு வாக்கியங்களிலிருந்து இந்தக் கதையை எடுத்துக்கொண்டேன். அல்சைமர் எழுபதுக்கு மேல் வந்தால் பெரும்பாலும் நினைவைக் காக்கும் பகுதிதான் முதலில் சுருங்குமாம். ஐம்பதுகளிலேயே வந்தால், பல பேருக்கு மூளையின் பின்பக்கம், இடமும் தூரமும் அறிகிற பகுதி, முந்திக்கொள்ளுமாம்.

2
கீழ்வேளூர்ப் பக்கம், 1996. ஐம்பத்திரண்டு வயது அரசப்பன் ஒரு காலையில் மனைவி அம்சவல்லியின் பெயரை மறந்து

(அடித்துவிட்டேன். குடும்பக் கதை எழுதிப் பழகிய கைக்கு இது வசதியான கண்ணீர். அவருக்கு அவள் பெயர் தெரியும். பெண் பார்க்கப் போன அன்று அவள் கட்டியிருந்த சேலையின் நிறமும் தெரியும். சட்டைக்குள் கையை நுழைக்கத்தான் வழி தெரியவில்லை.)

3
மறுபடி. நடவுக்கு முன் வரப்பின் பக்கத்தை மண்வெட்டியால் செதுக்குவார்கள். அண்டை வெட்டு என்று பெயர். அரசப்பனின் ஒரு ஏக்கர், நில உச்சவரம்புச் சட்டத்தில் அவர் அப்பாவுக்கு வந்தது. அதுவரை அதே மண்ணில் அவர்கள் கூலி. வரப்புக்கு அந்தப் பக்கம், பழைய நிலக்காரரின் மகன் இராஜாங்கத்தின் வயல்.

அரசப்பன் செதுக்கினார், செதுக்கினார். தண்ணீரில் வானம் கிடந்தது. வரப்பு அதில் மிதந்து விலகிப் போய்க்கொண்டே இருந்தது. வெயில் ஏறியபோது ஒன்றரை அடி வரப்பில் ஒரு சாண்தான் மிச்சம்.

இராஜாங்கம் கத்தவில்லை. "குடுத்தது பத்தலியாக்கும், அரசப்பா?" என்று மட்டும் கேட்டார். வரப்பைத் திருடியதற்கு வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம் என்று ஆயிற்று.

4
போன மாதம் எடுத்த அவருடைய மூளை ஸ்கேன் படத்தை அம்சவல்லி உறையோடு எடுத்து வைத்தாள்.

"அத உள்ள வையி," என்றார் அவர். "திருட்டுப்பயன்னு எங்கப்பா காலத்துலேந்து சொல்றாங்க, பழகிப்போச்சு. புத்தி பெரண்டவன்னு ஆயிட்டா இந்த வயல்ல எனக்கு என்ன பேச்சு இருக்கு?"

"நம்ம புள்ளைங்கள திருடன் பெத்ததும்பாங்களே. அது பரவால்லியா?"

(ஒரு முடிவில் உறையைக் காட்டுகிறாள். ஊர் மன்னிக்கிறது, பிறகு ஒவ்வொரு நடவுக்கும் அவருக்காக இரக்கப்படுகிறது. இன்னொன்றில் காட்டவில்லை. அவர் திருடனாக, ஆனால் ஒரு ஆளாக வீடு திரும்புகிறார். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் தூங்கவில்லை.)

5
ஆகவே வெள்ளிக்கிழமையோடு நிறுத்துகிறேன். அந்தச் சாண் வரப்பில்தான் கூட்டத்துக்குப் போகிறார்கள். எப்போதும் பின்னால் வருபவள் இன்று முன்னால் நடக்கிறாள்.

"என் கால் பட்ட எடத்துல வச்சு வாங்க."

"ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். நீங்க கீழ பாருங்க."

உறை அவள் கக்கத்தில் இருக்கிறது. கூட்டத்தில் முதல் கேள்வியை, அவர் ஏன் வெட்டினார் என்பதை, அவளிடம்தான் கேட்கப்போகிறார்கள். அவள் இடத்தில் நின்று நீங்கள் பதில் சொல்லுங்கள். பார்த்துச் சொல்லுங்கள். பக்கத்தில் அவர் நிற்கிறார். இப்போதைக்கு ஒரு சொல்லையும் மறக்க மாட்டார்.