குப்புறப் படுத்த வரலாறு

குளியலின் வரலாறு பற்றி முன்னூறு பக்கம் எழுதிவிட்டேன். ராஜாக்களின் பளிங்குத் தொட்டி, காயம்பட்ட சிப்பாய்களை இறக்கிவைத்த வெந்நீர் ஊற்று, மல்லர்கள் பூசிய எண்ணெய், ஊர்வம்பு பேசவே நிரம்பி வழிந்த நீராவிக் கூடங்கள், எல்லாம் உண்டு. தேய்த்துவிட்டவன் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆதாரம் கிடைக்கவில்லை என்று முன்னுரையில் கைகழுவியிருந்தேன்.

ஆதாரம் என் அண்ணன். நகரத்தின் பழைய பொதுக் குளியலகத்தில் உடம்பு பிடித்துவிடுகிறவன். பெண் பார்க்கப் போன இடத்தில், "அண்ணன் வெளிநாட்டுல இருக்கார், மருத்துவத் துறை" என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டேன். அவன் என் கல்யாணத்துக்கே வரவில்லை. "வெளிநாட்டுலேருந்து டிக்கெட் கிடைக்கலடா" என்று போனில் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஆறு வருடமாகியும் எனக்குச் செரிக்கவில்லை.

எழுதியதைப் படித்த மாமனார், "மாப்பிள்ளை, இவ்வளவு எழுதியிருக்கீங்களே, ஒரு தடவையாவது போய்ப் படுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும், அண்ணன் வேலை செய்யும் அந்தக் குளியலகத்துக்கே போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். செவ்வாய்க்கிழமை போகலாம் என்றேன். செவ்வாய் அண்ணனுக்கு விடுமுறை. துரோகம் செய்வதானாலும் நாள் பார்த்துச் செய்கிறவன் நான்.

நீராவியில் வெந்தபின், இடுப்பில் துண்டோடு அடுத்தடுத்த மேசைகளில் குப்புறப் படுத்தோம். முகம் வைக்க மேசையில் ஓர் ஓட்டை. அதில் தெரிவது தரையும், பிடிப்பவரின் காலும்தான். மாமனாரிடம் ஒருவர் போனார். என் ஓட்டைக்குக் கீழே இரண்டு பாதங்கள் வந்து நின்றன. வலது கட்டைவிரலில் நகம் இல்லை.

ஏழு வயதில், குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்து நான் தள்ளிவிட்ட வாளி கொண்டுபோன நகம் அது.

யாருக்கோ விடுமுறையை மாற்றிக் கொடுத்திருக்கிறான். நல்லவன் அல்லவா!

முதுகில் கை வைத்தவன் ஒரு கணம் அப்படியே நின்றான். வருடக்கணக்காகத் தேய்த்துக் குளிப்பாட்டிய முதுகு. அவனுக்கு முகம் தேவையில்லை. பிறகு, "கழுத்து ரொம்ப இறுகியிருக்கு சார்" என்றான்.

சார்.

மாமனாருக்கு வாய் சும்மா இருக்காது. படுத்தபடியே அவனிடம், "எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"வீட்டுலதாங்க. அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. தம்பியைக் குளிப்பாட்டறது என் பொறுப்பு. சோப்பு கண்ணுல பட்டா போதும், தெருவே கூடிடும்."

"தம்பி இப்ப என்ன செய்யறார்?"

"புஸ்தகம் எழுதறான்."

"அட, எங்க மாப்பிள்ளையும் அதேதான்! என்ன புஸ்தகம்?"

"தெரியலைங்க. எங்கிட்ட காட்டினதில்ல."

ஓட்டை வழியே ஏதோ சொட்டி, நகமில்லாத அந்த விரலில் விழுந்தது. வியர்வை என்று சொல்லிக்கொண்டேன். அவன் காலை நகர்த்தவில்லை. குவளையில் வெந்நீர் மொண்டு என் தலையில் ஊற்றினான். ஊற்றுமுன் மறுகையை என் நெற்றியோரம் அணைபோல் வைத்தான், கண்ணில் படாதிருக்க.

"மாமா, இவர் எங்க அண்ணன்" என்றேன், தரையிடம்.

"என்ன மாப்பிள்ளை? கேக்கல."

தரையிடம் சொல்வது சுலபம். எழுந்து நின்றேன். முகத்தைச் சுற்றி ஓட்டையின் சிவப்பு வளையம், மூக்கில் ஒழுகல். வரலாற்று ஆய்வாளர்!

"இவர்தான் மாமா எங்க அண்ணன். வெளிநாடெல்லாம் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

மாமனார் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முதல்ல துண்டைக் கட்டுடா" என்றான் அண்ணன்.