நெசவு கரைந்த பலகை

என் தம்பி ராதமேஸ் இறந்தபின், அவன் காரை எரிபெர்த்தோவின் கொட்டகையில் விட்டிருந்தேன். எங்கள் வீட்டில் கார் நிறுத்தக் கூரை கிடையாது. எங்கள் ஊர் காக்வாஸ் வெயிலோ காரைத் தின்றுவிடும். எரிபெர்த்தோ என் மகனுக்கு ஞானத்தகப்பன், எனக்குக் கொம்பாத்ரே. எங்கள் ஊரில் அது கூடப்பிறந்த உறவைவிட ஒரு படி மேல்.

கார் திரும்பி வந்தபோது கியரைச் சுற்றியிருந்த கார்பன் ஃபைபர் பலகையில் சிலந்தி வலைபோல வெடிப்பு. அந்தப் பலகை தம்பி தன் கையாலேயே துணி விரித்து ரெசின் ஊற்றிச் செய்தது.

"கொஞ்ச நாள் கொட்டகைக்கு வெளியே நின்னுச்சு, வெயில் பண்ண வேலை, கொம்பாத்ரே. மேல்பூச்சு மட்டும்தான் போயிருக்கு," என்றார் எரிபெர்த்தோ.

நான் பலகையைக் கழற்றிப் புரட்டிப் பார்க்கவில்லை. கொம்பாத்ரே கொடுத்ததை அவர் கண்முன்னே புரட்டிப் பார்த்தால் முகத்தில் அறைந்த மாதிரி.

தம்பி மகள் யாரிட்சா ஒர்லாந்தோவிலிருந்து காரை எடுத்துப் போக வருகிறாள். "பெரியப்பா, வேற எது எப்படி இருந்தாலும் சரி, அப்பா செஞ்ச அந்தப் பலகை இருக்குல்ல?" என்று போனில் கேட்டிருந்தாள். அதற்காகவே பலகையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட், மேலே வெடிப்பு; நெசவு சரியாகத் தெரியவில்லை. மழை ஈரத்தில் ரெசின் பால்போல வெளுத்துவிடும் என்பதால் நல்ல வெயில் நாளாகப் பார்த்துத்தான் தொடங்கினேன். வெடித்த பூச்சைத் தேய்த்து எடுத்து, புது ரெசின் ஊற்றி, மெருகு போட்டால் முடிந்தது.

"முகமூடியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறதைப் பாரு. பேங்க் கொள்ளைக்காரனே தோத்தான்!" என்றாள் என் மனைவி நெரெய்தா.

"தூசி நெஞ்சுக்கு ஆகாதுடி."

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். பூச்சு போனது. கூடவே நெசவும் போனது. நெசவுபோல அச்சடித்த கறுப்புக் கட்டங்கள் சவ்வுபோல உரிந்து தாளில் ஒட்டிக்கொண்டு வந்தன. அடியில் வெள்ளை பிளாஸ்டிக்.

எட்டிப் பார்த்த நெரெய்தா, "துணியைக் காணோமே," என்றாள்.

ஈரக் கையோடு அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு எரிபெர்த்தோ வீட்டுக்கு நடந்தேன். வாசலிலேயே அவருடைய கார் நின்றது. கண்ணாடி வழியே பார்த்தேன். கியர் பக்கத்தில் தம்பியின் பலகை. மூலையில் அவன் துணியைக் கோணலாக வைத்துவிட்டு, "யாருக்குத் தெரியப்போகுது, அண்ணே" என்று சிரித்த இடம் அப்படியே இருந்தது.

எரிபெர்த்தோ வெளியே வந்தார். என் கையிலிருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை கார் கண்காட்சிக்காகத்தான் மாட்டினேன், கொம்பாத்ரே. எல்லாரும் அசந்துட்டாங்க. திருப்பி வைக்கணும்னு நினைச்சு நினைச்சே…"

"யார் செஞ்சதுன்னு கேட்டிருப்பாங்களே?"

அவர் தரையைப் பார்த்தார். "நான்தான்னு சொல்லிட்டேன்."

திருடியதைக்கூடத் தாங்கியிருப்பேன். தம்பியின் பெயர் அந்த வாயிலிருந்தே அழிந்துபோயிருந்ததைத் தாங்க முடியவில்லை.

"கழட்டிக் கொடுங்க."

"அழுத்தமா ஒட்டியிருக்கேன். இழுத்தா உடைஞ்சுடும்."

அப்போது அவர் மனைவி சொரைதா தன் தலைமுடி உலர்த்தியோடு வந்தாள். "தள்ளுங்க," என்று கணவரிடம் சொல்லிவிட்டு, காருக்குள் முழங்காலிட்டுப் பசையைச் சூடாக்கினாள். மீன்பிடி நூலைப் பலகைக்கு அடியில் விட்டு மெல்ல மெல்ல அறுத்தாள். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. ஒரு விரிசல்கூட விழாமல் பலகை அவள் கைக்கு வந்தது. அதைத் தன் சமையல் ஏப்ரனில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"யாரிட்சாகிட்ட இதை மட்டும் கொடுங்க, கொம்பாத்ரே. மத்ததெல்லாம் அவளுக்குத் தெரிய வேண்டாம்," என்றாள். கண் கலங்கியிருந்தது.

ஆண்டவர் அந்த வீட்டில் இன்னும் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. எரிபெர்த்தோ பின்வரிசையிலிருந்து கை நீட்டினார். கோயிலில் நீட்டிய கையை மறுக்கக் கூடாது, பிடித்தேன். ஆனால் "சமாதானம்" என்ற சொல்லை அவருக்குச் சொல்லவில்லை. அவர் பக்கத்திலிருந்த சொரைதாவிடம் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.