பணிவிடைக்கு ஐந்து வாக்கியம்

'பணிவிடை' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் படித்த பாடப்புத்தகங்களில் அதைப் பொம்பளைகள்தான் செய்தார்கள். மகள் செய்தாள், மனைவி செய்தாள், மருமகள் செய்தாள். ஆம்பிளை ஒருத்தன் செய்ததாக ஒரு வரி கிடையாது. பி.ஏ. வரைக்கும் தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்தச் சொல்லை நானே ஒருத்திக்குக் கற்றுக்கொடுக்க வேண்டி வந்தது ஐம்பத்தொன்பதாம் வருஷம். ஆம்பூரில் அப்பா வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரியில், முதலுதவி அறை ஒன்று கட்டாயம் வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போயிருந்தார். அறை தயார். கட்டில், பஞ்சு, அயோடின் எல்லாம் வந்தாயிற்று. பார்த்துக்கொள்ள ஒரு பொம்பளை ஆள்தான் பாக்கி. நிரந்தர வேலை. தமிழ் எழுதத் தெரிய வேண்டும், பரீட்சை உண்டு என்றார் ஹெட்கிளார்க் கோதண்டராமன். அவருடைய தங்கை மகள் அம்சவேணி எட்டாவது படித்தவள். பரீட்சை எதற்கு என்று எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு சவுரியம்மாள் அக்கா பதினாறு வருஷமாக அந்த டேனரியில் தோலிலிருந்து வழித்த மயிரை அள்ளிக் கொட்டுகிறவள். சுண்ணாம்புக் குழியில் கால் வெந்தவனும் கத்தியில் விரலைக் கிழித்துக்கொண்டவனும் முதலில் அவளிடம்தான் ஓடுவான். கழுவி, எண்ணெய் தடவி, சொந்தப் புடவையில் கிழித்துக் கட்டி அனுப்புவாள். அந்த அறை அவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு? ஆனால் அவளுக்குத் தெரிந்த எழுத்து, மாதா கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பழகின எழுத்து மட்டும்தான்.

கேட்கப்போகும் சொல் எது என்று தெரிந்துகொள்வது கஷ்டமாக இல்லை. அம்சவேணி 'பணிவிடை, பணிவிடை' என்று உருப்போடுவது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அந்த ஒரே சொல்லை வைத்து ஐந்து வாக்கியம் எழுத வேண்டும்.

"மகள் தாய்க்குப் பணிவிடை செய்தாள். எழுதுக்கா."

"எந்த மக?"

"யாரோ ஒரு மக."

"ஆளு தெரியாம எப்டி எழுதறது? நீயா?"

"நான்னே வெச்சுக்கோ."

அக்கா பலப்பத்தைக் கீழே வைத்தாள். "நீ உங்கம்மாவுக்கு ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுத்து நான் பாத்ததில்ல. பொய்யெல்லாம் எழுத மாட்டேன்மா. ஞாயித்துக்கெழம வேற."

"அப்ப நீ நெஜமா யாருக்குச் செஞ்சியோ அத எழுது! அஞ்சு பேரு கெடைக்க மாட்டாங்களா?" என்று கத்தினேன். நான் செய்த தப்பு அதுதான்.

மேனேஜர் இஷ்தியாக் அகமது சாயபுவுக்கு உருது எழுத்து முத்து முத்தாக வரும். தமிழ் பேச மட்டும்தான் வரும். அதனால் தமிழில் எந்தக் காகிதம் வந்தாலும் ஹெட்கிளார்க் உரக்கப் படிப்பார், சாயபு கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பரீட்சைத் தாளும் அப்படித்தான். அக்காவுக்குத் துணையாக வந்த அமிர்தவள்ளி டீச்சர் என்று சொல்லிக்கொண்டு நானும் கதவோரம், அம்சவேணி பக்கத்தில் நின்றேன்.

அம்சவேணி தாளைக் கோதண்டராமன் தேன் சொட்டச் சொட்டப் படித்தார். மகள் தாய்க்கு, மனைவி கணவனுக்கு, மருமகள் மாமியாருக்கு. சாயபு கொட்டாவி விட்டார்.

அடுத்தது அக்கா தாள். "'கால் வெந்துபோன துரைசாமிக்குப் பணிவிடை செய்தேன். புதுத் தோல் வந்துவிட்டது.'"

சாயபு கண்ணைத் திறந்தார்.

"'ரஃபி அகமது மேஸ்திரிக்கு விரல் கிழிந்தபோது பணிவிடை செய்தேன். ரொம்ப அழுதார்.'"

"ரஃபியா? அழுதானா!" சாயபு மேஜையைத் தட்டிச் சிரித்தார். "மேல படி."

கோதண்டராமன் மூன்றாவதைப் பார்த்தார். கழுத்தில் வேர்த்தது. "'பிறருக்குப் பணிவிடை செய்வது பெரும் புண்ணியம்.' மீதியும் பாத்துட்டேன் சார், எல்லாம் ரைட்டு. இந்தம்மாவையே போட்டுடலாம்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. வேலை கிடைத்துவிட்டது.

"நான் அப்டி எழுதல" என்றாள் அக்கா.

"வாய மூடுக்கா!"

"நீ சும்மா இரு. மூணு வாரம் குந்திக்கினு கத்துக்கினேன். நான் எழுதனது எங்க போச்சு?"

"இன்னா பேஜார் இது?" என்றார் சாயபு. "நீயே படி."

அக்கா தாளை வாங்கி, விரல் வைத்துப் படித்தாள். "ஹெட்கிளார்க் ஐயாவுக்கு... உட்காரும் இடத்தில்... கட்டி வந்தபோது... பத்துப் போட்டு... பணிவிடை செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை."

போன சித்திரையில் கோதண்டராமன் இரண்டு வாரம் நின்றுகொண்டே எழுதினார். கேட்டவர்களிடம் நாற்காலியில் மூட்டைப்பூச்சி என்றார். சாயபு நல்ல தேக்கு நாற்காலியைக் கொளுத்தச் சொன்னார்.

"கோதண்டராமன், நெஜமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அக்கா பொய்க்காரியாகி வெளியே போவாள், அம்சவேணி உள்ளே வருவாள்.

அவர் தரையைப் பார்த்தார். "நெஜம்தான் சார். கட்டி ஒடஞ்சப்போ மூக்கக்கூடப் பொத்தல அவங்க."

அம்சவேணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"கேக்கறதுக்கே ஓடுது" என்ற சாயபு, அறைச் சாவியை அக்காவிடம் நீட்டினார். "மீதி ரெண்டும் படி. இது ஜோரா கீது."

"நாலாவது. அமிர்தவள்ளி டீச்சருக்கு..."

"வாக்கா, நேரமாச்சு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை.

"அமிர்தவள்ளி டீச்சருக்கு... தலை நிறையப் பேன். பட்டம் வாங்கப் போகும் முன்... மூன்று நாள்... மண்ணெண்ணெய் தடவி... பணிவிடை செய்தேன்."

"நெஜமா டீச்சரம்மா?"

கேட்டவர் சாயபு இல்லை, கோதண்டராமன்.