பேணியில் மிஞ்சிய துண்டு

இவள் வேண்டுமென்றுதான் செய்திருக்கிறாள். முதலில் பேணியை நீட்டாமல் நான் இருந்த கதிரையைத் தாண்டிப் போனபோதே எனக்குப் பட்டது.

புதுக்குடியிருப்பில் பெரியவர்களுக்கு நடக்கும் ஆங்கில வகுப்பு அது. ஞாயிற்றுக்கிழமைகளில், துண்டுக் கடதாசியில் வரும் ஆங்கில மரபுத்தொடரை ஒருவர் நடித்துக் காட்டுவார். மற்றவர்கள் அது எதுவென்று சொல்லவேண்டும். துண்டுகளை எழுதி பிஸ்கட் தகரப்பேணியில் போட்டவள் பத்மாசனி. பேணியோடு சுற்றி வந்தவளும் அவள்தான். என் கணவரின் தங்கை.

நிஷாந்தன் போத்தல் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு குரைத்தான்.

"ரெயினிங் கட்ஸ் அண்ட் டோக்ஸ்," என்றார்கள். பூனையும் நாயுமாய்க் கொட்டும் மழை.

"பூனை எங்கையடா?" என்று கேட்டாள் மேனுகா.

"அது நனைஞ்சு, தடிமன் பிடிச்சு வீட்டை நிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் என் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேணியில் கடைசியாக மிஞ்சியிருந்தது. நீட்டியபோது பத்மாசனி என் முகத்தைப் பார்க்கவில்லை.

குரோக்கடைல் ரியர்ஸ். முதலைக் கண்ணீர்.

எட்டு மாதத்துக்கு முன், கணவரின் செத்தவீட்டில் நான் அழவில்லை. வந்த பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்களின் தோளுக்கு மேலால், அவருடைய கால் நகத்தில் போகாமல் கிடந்த வயல் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிப்பாட்டியவர்கள் இதை ஏன் விட்டார்கள் என்பதைத் தவிர வேறொன்றும் மனதில் ஓடவில்லை. எட்டாம் நாள்தான் கண்ணீர் வந்தது.

"இப்ப ஆருக்குக் காட்ட அழுறா?" குசினிக்குள் பத்மாசனியின் குரல் கேட்டது. அதன்பின் நான் யார் முன்னும் அழுததில்லை.

"சுமித்திரா அக்கா, இனி நீங்கள்," என்றபடி யதுர்ஷிகா ரீச்சர் துண்டை எட்டிப் பார்த்தார். "இது சுகமானது. பொய்யாய் அழுதுகாட்டினால் சரி," என்று காதோடு சொன்னார்.

சிரித்த முகம். இவருக்கும் சொல்லியிருப்பாளோ? இல்லை, எல்லாம் என் மனம் கட்டுவதோ?

"சும்மா நடிப்புத்தானே மச்சாள்," என்றாள் பத்மாசனி. "உங்களுக்கு வராதோ?"

இப்போது அவள் என் கண்களைத்தான் பார்த்தாள். அழுதால், அன்றைக்கும் இப்படித்தான் நடித்தாள் என்று அவள் வீட்டுக்குக் கதை கொண்டுபோவாள்.

துண்டை மடித்துப் பேணிக்குள் திரும்பப் போட்டேன்.

"வேறை எதையும் தாங்கோ ரீச்சர். குரைக்கச் சொன்னாலும் குரைக்கிறன். இதை நான் செய்யமாட்டன்."

போய் என் கதிரையில் இருந்தேன்.