அக்காவுக்கும் ஒரு சீட்டு

1

இந்தக் கதை என்னுடையதில்லை, கண்ணுகளா. மாத்திரை வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, பக்கத்தில் நின்றவனைக் காட்டி, யாரிடம் என்றில்லாமல், "இவனுக்குச் சீட்டு இருக்கு, பேசலாம். எனக்குச் சீட்டு இல்ல, நிக்கலாம்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பெயரைக் கேட்பதற்குள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். சிரித்த குற்றத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "பொன்னி நதி பொங்கிப் பாய்ந்த அந்த ஆடி மாதத்தில்..." (வேண்டாம். அந்த ஆடியில் எங்கள் வாய்க்காலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள்.)

இரண்டாவது: "மனநலம் என்பது யாதெனில்..." (இப்படி ஆரம்பித்தால் நானே பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.)

மூன்றாவது: "ஆனந்தவல்லி ஊமையில்லை." இது இருக்கட்டும்.

2

ஆனந்தவல்லி ஊமையில்லை. குடவாசல் பக்கம் கிராமம், ஒன்றரை ஏக்கர் நெல். களத்தில் நின்று கூப்பிட்டால் அடுத்த ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் தம்பி இளஞ்செழியனுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினாறு வருஷமாக மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறான். (நோயின் பெயரை எழுதி எழுதி அடித்தேன். எழுதியவுடன் அவன் எழுந்து போய்விடுகிறான். நோய் மட்டும் உட்கார்ந்திருக்கிறது.)

நோய் திரும்பி வருவதை அக்கா வயலில் கண்டுபிடிப்பாள். நடவாட்கள் போனபின், பட்டுப்போன நாற்றுக்குப் பதில் புது நாற்று ஊன்றுவது தம்பியின் வேலை. நோய் நெருங்கினால், தான் ஊன்றியதையே பிடுங்கி, கோணல் என்று மறுபடி ஊன்றுவான். நாலு வருஷத்துக்கு முன் அப்படித்தான் செய்தான். "நல்லா உழைக்கிறாரு" என்று ஆஸ்பத்திரியில் மாத்திரையைக் குறைத்தார்கள். பதினோராம் நாள் பூம்புகாரில் கழுத்தளவு கடலில் நின்றுகொண்டு, காவிரியை வந்த வழியே திரும்பிப் போகச்சொல்லி அதட்டிக்கொண்டிருந்தான். மீன்பிடிக்கிறவர்கள் தூக்கி வந்தார்கள்.

இந்தத் திங்கட்கிழமை மறுபடியும் பிடுங்கி ஊன்றியிருக்கிறான். இன்று வியாழன், ஆஸ்பத்திரி நாள். இதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அவ்வளவுதான் கதை.

3

ஆஸ்பத்திரியை நானே கட்டினேன்; தஞ்சாவூரில் தேடி அலையாதீர்கள். இரண்டு நாற்காலி போட்டேன். ஒன்று டாக்டருக்கு, ஒன்று நோயாளிக்கு. சுவரில் ஒரு பலகை: "சீட்டு உள்ளவர் மட்டும் பேசவும். உடன் வந்தவர் நிற்கவும்." அதற்குக் கீழே "குடும்பத்தார் குரல்" என்று ஒரு பெட்டி, பூட்டோடு.*

(* சாவி வைத்திருந்தவர் ஓய்வுபெற்று மகனோடு சிங்கப்பூரில் இருக்கிறார். ஆயுத பூஜைக்குப் பெட்டிக்குப் பொட்டு வைக்க மட்டும் இங்கே யாரும் தவறுவதில்லை.)

டாக்டர் மாளவிகாவை முதலில் கொடுமைக்காரியாக எழுதினேன். பிறகு பார்த்தால் வெளியே எண்பத்தேழு பேர். காலையிலிருந்து அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

"தூக்கம் வருதா, இளஞ்செழியன்?"

"வருதுங்க."

"வேலை பாக்குறீங்களா?"

"ஒரே நாத்த ரெண்டு தடவ ஊணுறேங்க."

"அட, அவ்வளவு அக்கறையா! சூப்பர்."

பின்னால் நின்ற ஆனந்தவல்லி, இல்லை இல்லை என்று தலையைப் பலமாக ஆட்டினாள்.

"கழுத்து வலியாம்மா? அதுக்கு நாலாம் நம்பர் ரூம்."

"டாக்டரம்மா, அவன் ஊணுறது..."

மணி அடித்தது. உடன் வந்தவர் பேசினால் அடிக்கிற மணி. (நிஜத்தில் மணி கிடையாது, ஒரு பார்வைதான் உண்டு. பார்வையை எழுதிப் பார்த்தேன், சத்தம் வரவில்லை.)

"ராத்திரி மாத்திரையப் பாதியாக்கிடலாம். ரத்தம் குடுத்துட்டு வாங்க, எழுதித் தர்றேன்."

4

சீட்டு ஜன்னலில் பக்கிரி.

"எனக்கு ஒரு சீட்டு போடு தம்பி."

"காலையிலயே போட்டாச்சேக்கா."

"அது அவனுக்கு. இது எனக்கு."

"உங்களுக்கு என்ன செய்யுது?"

"பேச முடியல."

"அப்ப தொண்டை டாக்டரப் பாருங்க."

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. கேக்குறியா?" என்றவள், "பக்கிரீ!" என்று ஒரு குரல் கொடுத்தாள். வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஏழு பேர் எழுந்து நின்றார்கள்.

"மனநோய்ப் பிரிவுன்னே போட்டுடுறேன்கா" என்றான் பக்கிரி. "கூட வந்தவர் பேரு?"

"இளஞ்செழியன்."

5

இப்போது நாற்காலியில் அக்கா. பலகைக்குக் கீழே தம்பி.

"சொல்லுங்க, உங்களுக்கு என்ன தொந்தரவு?"

"திங்கக்கிழமையிலேருந்து என் தம்பி ஊணுன நாத்தப் புடுங்கிப் புடுங்கி ஊணுறான். அதான் என் தொந்தரவு. போன தடவ இப்படி இருக்கையில மாத்திரையக் கொறச்சீங்க, கடல்ல போயி நின்னான். கொறைக்காதீங்கம்மா."

டாக்டரின் பேனா நின்றது.

(இங்கே முடித்துவிடத்தான் நினைத்தேன். அக்கா பேசிவிட்டாள், டாக்டர் கேட்டுவிட்டார், மங்களம் பாடிவிடலாம். அப்போது நின்றுகொண்டிருந்தவன் வாயைத் திறந்தான். நான் எழுதவில்லை, சத்தியம்.)

"நான் மாத்திரையே திங்கிறதில்லைங்க. ஆறு நாளாச்சு. அதத் தின்னா கையி நடுங்குது, இன்னும் நிக்கல. ஊணுன நாத்து சாயுது. அதான் புடுங்கி ஊணுறேன்."

மணி அடித்தது. உடன் வந்தவர் பேசக்கூடாது.

"டேய்! ஆறு நாளாவா? மாத்திரைய என்னடா பண்ணுன?"

"எலி வளையில போட்டேன்."

"அதான் எலியெல்லாம் இவ்வளவு சாதுவாத் திரியுதா! ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா உனக்குச் சோறு எறங்காது."

"நாத்து நேராத்தான்டா இருந்துச்சு. வரப்புல நின்னு பாத்தேனே."

"நீ என்னையப் பாத்தக்கா. நாத்தப் பாக்கல."

6

முடிவு ஒன்று: டாக்டர் மூன்றாவது நாற்காலி போடச் சொல்கிறார். (கோப்பு சென்னைக்குப் போய்த் திரும்புவதற்குள் சம்பாவும் அறுத்துவிடுவார்கள்.)

முடிவு இரண்டு: சீட்டு அக்கா பெயரில் இருப்பதால் மாத்திரையும் அக்காவுக்கே எழுதுகிறார். அவள் வாங்கி, வழக்கம்போல் தம்பிக்கு... (இல்லை.)

முடிவு மூன்று: பூம்புகார். (எழுத மாட்டேன்.)

அக்கா சொன்ன கடலும் உண்மை, தம்பி சொன்ன கையும் உண்மை. ஒன்றை மட்டும் கேட்டு மருந்து எழுதினால் அது யாருக்கான மருந்து என்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவம் படிக்காதவள் நான். கதையும் எவரிடமும் படிக்கவில்லை.

"யாராவது ஒருத்தர் பேசுங்க" என்கிறார் டாக்டர். வெளியே இன்னும் எண்பத்தாறு பேர்.

"நீ சொல்லு" என்கிறாள் அக்கா.

"நீ சொல்லுக்கா."

"உன் கையத்தான் கேக்குறாங்க."

"உன் பயத்தக் கேக்குறாங்க."

இளஞ்செழியன் வலது கையை மேஜைமேல் வைக்கிறான். அது நடுங்குகிறது. ஆனந்தவல்லி அதன்மேல் தன் கையை வைக்கிறாள். அவள் கையும் நடுங்குகிறது. இரண்டில் எது எதை ஆட்டுகிறது என்று டாக்டர் குனிந்து பார்க்கிறார். பேனா மாத்திரையின் பெயருக்கு நேரே நிற்கிறது. எவ்வளவு என்று இன்னும் எழுதவில்லை.

உள்ளே வாங்க, கண்ணுகளா. டாக்டர் உங்களைத்தான் நிமிர்ந்து பார்க்கிறார். முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள். யாரிடம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.