சிசிலியா அக்கா அவிழ்த்த கூரை

இந்தியாவிலிருந்து திரும்பி நாங்கள் மீள்குடியேறிய இரண்டாவது வருடம், நவம்பர் மாதம். தலைமன்னார்க் கரையில் மூன்று சிறு திமிங்கிலங்கள் ஏறிவிட்டன என்று செய்தி வந்தது. நான் கடல் உயிரியல் படித்தவள்; மண்டபம் அகதி முகாமிலிருந்து கல்லூரிக்குப் போய்ப் படித்தவள். ஆனால் அதுவரை நான் தொட்டிருந்தது திமிங்கில எலும்புகளை மட்டும்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்று செத்துக் கிடந்தது. வாலில் கயிறு.

"வள்ளம் இழுக்கிற மாதிரித்தான் கட்டி இழுத்தனாங்கள்," என்றார் மீனவரான எமிலியானுஸ் அண்ணை. "நீங்கள்தானே பிள்ளை, போன மாதம் மீன்பிடிச் சங்கத்திலை வந்து சொன்னனீங்கள், கண்டவுடனை கடலுக்கை விடுங்கோ எண்டு."

சொன்னேன். எப்படி விடுவது என்று சொல்லவில்லை. வாலில் இழுத்தால் தலைமேலுள்ள மூச்சுத்துளை நீருக்குள் போய்விடும். நம்மைப் போலவே அதுவும் மூச்சு முட்டித்தான் சாகும். மற்ற இரண்டும் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப என்ன செய்யிறது? சொல்லுங்கோவன்."

"அடியிலை எதையாவது விரிச்சுத் தூக்கிக்கொண்டு போகவேணும். வலை தோலை வெட்டும். பெரிய சீலை மாதிரி ஏதாவது..."

எல்லோரும் கரைமேட்டைப் பார்த்தார்கள். வீட்டுத்திட்டத்துக்குக் காத்திருந்த கொட்டில்கள். கூரையெல்லாம் நிவாரணத்தில் கிடைத்த தறப்பாள், தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. வானம் கறுத்திருந்தது. அந்தக் கூரைகளை எப்படிக் கேட்பது?

முகாமில் எங்கள் பக்கத்து அறையிலிருந்த சிசிலியா அக்கா, கேளாமலே போய்த் தன் கூரைக் கயிற்றை அவிழ்த்தார்.

"விசரே உமக்கு? மழை வரப்போகுது!" என்று கத்தினார் கணவர் றெக்சன்.

"நீர் என்ன உப்போ, கரையிறதுக்கு? ஏறி அந்தப் பக்கத்தை அவிழும்."

அடுத்த கொட்டிலின் கூரையும் இறங்கியது.

மணலைத் தோண்டித் தறப்பாளை நுழைத்தோம். எமிலியானுஸ் அண்ணை கரைவலை இழுக்கும்போது பாடும் பாட்டை எடுத்துக்கொடுக்க, இருபது பேர் ஒரே மூச்சில் தூக்கினார்கள். நீரில் விட்டதும் அந்தத் திமிங்கிலம் கரைக்கே திரும்பியது. மற்றது இன்னும் மணலில் கிடந்தது. கழுத்தளவு நீரில் நின்று முதலில் விட்டதைத் தடுத்து வைத்துக்கொண்டு, இரண்டாவதையும் கொண்டுவந்தோம். பிறகு இரண்டும் ஒன்றாகவே போயின.

மழை அப்போதுதான் பிடித்தது. சிசிலியா அக்காவின் தறப்பாள் நடுவே கிழிந்திருந்தது. கூரையில்லாத கொட்டிலில், பாயைச் சுருட்டி மடியில் வைத்தபடி இருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

"பிள்ளை, அதுகள் இப்ப எவ்வளவு தூரம் போயிருக்கும்?"

"தெரியாது அக்கா."

"படிச்ச பிள்ளை எண்டாங்கள்!" என்று சிரித்தார். "தெரிஞ்சால் வந்து சொல்லும்."

பதினொரு வருடமாக நான் செய்துவருவது அந்த வேலைதான். திமிங்கிலங்கள் எங்கே போகின்றன, எந்த வழியால் திரும்புகின்றன என்று தேடுகிறேன். தெரிந்ததைத் தெரிந்த அளவில் தலைமன்னாருக்குப் போய்ச் சொல்கிறேன். இந்த மாதமும் போகவேண்டும். சொல்வதற்கு, அவை போகும் வழியில் புதிதாக ஓர் இருபது மைல் கிடைத்திருக்கிறது.